அக்கா மேடையேறிய காலம்

என் அக்காவுக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ரேஷன் கடை வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால்கூடப் பக்கத்தில் நிற்பவளிடம் முணுமுணுப்பாளே தவிர, குரலை உயர்த்த மாட்டாள். அவள்தான் பிற்பாடு தேவாரம், கோம்பை, சின்னமனூர் என்று ஊர் ஊராக மைக் பிடித்துப் பேசினாள். அவள் பேச்சைக் கேட்கவே கூட்டம் காத்து நின்றது. அவளோடு ஒரே வீட்டில் இருந்த எனக்கே சில நாள் அதை நம்ப முடியவில்லை.

தேவாரத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவைக் கட்டியவர் மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அதன் பிறகு அக்கா ஏலத்தோட்ட வேலைக்குப் போனாள். என்னைப் படிக்க வைத்ததும், உத்தமபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் டீச்சராகச் சேரும் வரை சோறு போட்டதும் அந்தக் கூலிதான்.

விடியும் முன்னே எங்கள் தெருமுனைக்கு ஜீப் வந்துவிடும். ஏற வேண்டியதைப் போல இரண்டு மடங்குப் பெண்கள் அதில் ஏறுவார்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். கம்பம் மெட்டு வழியாக மலையேறி, கேரளத்துப் பக்கம் இருக்கிற தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் இறங்குவார்கள். அக்கா வீட்டுக்குள் வரும்போது ஏலக்காய் வாசமும் பூச்சிமருந்து வாசமும் சேர்ந்து வரும்.

ஜீப்பை ஓட்டியவர் உத்தமபாளையத்துக்காரர், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. ஜீப் அவருடைய சொந்த வண்டி. எல்லோரும் அவரை பாய் என்பார்கள், அக்கா மட்டும் அண்ணே என்பாள். தோட்டக்காரர்களிடம் மலையாளத்தில் பேசி, கூலி குறையாமல் வாங்கித் தருவது அவர்தான். அக்காவுக்கு மாதத்தில் சில நாள் உதிரப்போக்கு அதிகமாக இருக்கும். அவள் நடந்து வருவதைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும் போல. "ஆத்தா, நீ முன்னால வந்து உக்காரு" என்று முன் சீட்டில் இருப்பவளைப் பின்னால் அனுப்பிவிடுவார். ஏன் என்று அவரும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை.

ஏலக்காய் விலை யாரும் கேட்டிராத உயரத்துக்குப் போன வருஷம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சிமெண்டு மூட்டை இறங்கியது அந்த வருஷம்தான். பிறகு விலை இறங்க ஆரம்பித்தது. அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே கொரோனா வந்தது. மெட்டில் சோதனைச் சாவடியை அடைத்தார்கள்.

சாவடி அடைத்திருந்த மாதங்களில் தோட்டங்களைக் காப்பாற்றியது, மேலேயே தோட்டத்து லயன் வீடுகளில் தங்கியிருந்த வடமாநிலத்துக் குடும்பங்கள். அவர்களுக்கு ஊருக்குப் போக வழியில்லை. எங்களுக்கு மலையேற வழியில்லை. சாவடி திறந்ததும் தோட்டக்காரர்கள் யோசித்துப் பார்த்திருப்பார்கள். அந்த ஆட்களுக்கு ஜீப் வாடகை கிடையாது, பொழுது சாயும் முன் இறங்க வேண்டிய அவசரமும் கிடையாது, கூலியும் குறைவு. விலை விழுந்து கிடக்கிறபோது அவர்கள் வேறு எப்படி முடிவெடுப்பார்கள்? முதலில் எங்கள் ஊர் ஜீப்பை ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார்கள். அப்புறம் சொல்லி அனுப்பினால் வந்தால் போதும் என்றார்கள். அப்புறம் சொல்லி அனுப்பவே இல்லை.

ஆனாலும் அக்கா எழுந்து சோறு கட்டினாள். தெருமுனையில் போய் நின்றாள். அவளைப் போலவே மற்றப் பெண்களும் வந்து நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பால் வண்டி போகும், பள்ளிக்கூட வேன் போகும். வெயில் ஏறியதும் ஒவ்வொருத்தியாகக் கலைவாள். மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து அக்கா அந்தத் தூக்குவாளிச் சோற்றைச் சாப்பிடுவாள்.

"தட்டுல போட்டுத் தின்னேன்" என்றால், "இருக்கட்டும்டி" என்பாள்.

எனக்கும் பள்ளியில் பாதிச் சம்பளம்தான் தந்துகொண்டிருந்தார்கள். தேனிக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, அடுத்த மாநிலத்துத் தோட்டத்தில் யாரை வேலைக்கு வைக்க வேண்டும் என்று இங்கிருந்து உத்தரவு போட முடியாதே அம்மா என்று பொறுமையாகத்தான் சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஊரில் இருந்த பழைய கட்சிக்காரர்கள், எலெக்‌ஷன் வரட்டும், பேசிக்கலாம் என்றார்கள். ஒருநாள் அக்கா பாயிடம், ஜீப் இனி வராதா என்று போனில் கேட்டாள். "டீசலுக்கே காணல ஆத்தா. தேனி பஸ் ஸ்டாண்டுல எறங்குற வடக்கத்தி ஆளுகள மேல கொண்டுபோய் விட்டுக்கிட்டு இருக்கேன். அது ஒண்ணுதான் இப்பப் பொழப்பு" என்றார். அக்கா போனை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனது. கொல்லையில் மயங்கி விழுந்தாள். தேனியில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும், அதற்கு முன் ரத்தம் ஏற்ற வேண்டும், கொடுக்க ஆள் கூட்டி வாருங்கள் என்றார்கள். நான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். மாமா மகன் ஒருவன் திருப்பூரில் இருப்பதாகச் சொன்னான். இன்னொருவன் எடுக்கவே இல்லை. வார்டு வாசலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்து வார்டில் கிடந்த ஒருவரின் மனைவி ஒரு நம்பரைக் கொடுத்தாள்.

"இந்தப் பையங்களுக்குப் போடுங்க. நேத்து எங்க வீட்டு ஆளுக்கு இவுகதான் குடுத்தாக."

ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. இளைஞர்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சட்டை போட்டிருந்தார்கள். அந்தச் சட்டையை நான் சுவரொட்டிகளில் பார்த்திருக்கிறேன். மண்ணின் மக்களுக்கே வேலை, வந்தவனை விரட்டு என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஒட்டிக்கொண்டிருந்த புது இயக்கம் அது. பார்த்தால் ஒதுங்கிப் போகிற ஆட்கள் என்று நினைத்திருந்தேன்.

"எங்க ஊரு அக்காவுக்கு நாங்க குடுக்காம வேற யாரு குடுப்பா?" என்றான் அவர்களில் மூத்தவன். பள்ளத்தாக்குப் பகுதிக்கு அவன்தான் செயலாளர். இன்ஜினியரிங் படித்தவன். சென்னையில் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வேலை போய், ஊருக்குத் திரும்பி லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ரத்தம் கொடுத்துவிட்டு, கையை மடக்கிப் பிடித்தபடி கட்டிலருகே வந்து, "ஒண்ணும் ஆகாதுக்கா, நாங்க இருக்கோம்" என்றான். மறுநாள் காலையில் எனக்கு இட்லியும் பிளாஸ்கில் டீயும் கொண்டுவந்தான். அவன் நடித்தான் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

கண் விழித்த அக்கா இதைக் கேட்டுவிட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு சொன்னாள். "நம்ம ரத்தம் வரல. இந்தப் பிள்ளைக ரத்தந்தான் இப்ப எனக்குள்ள ஓடுது."

உடம்பு தேறியதும் அவர்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்றாள். தேவாரத்தில் அவர்கள் கூட்டம் போட்ட அன்று சாயங்காலம் இருவரும் போனோம். மேடை என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு டிராக்டர் டிரெய்லர். எங்களைப் பார்த்ததும் செயலாளர் இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். "ரெண்டு வார்த்த பேசுங்கக்கா." நான் கீழேயே நின்றேன். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. நான் தெனமும் தூக்குவாளில சோத்தக் கட்டிக்கிட்டு ஜீப்புக்கு நிக்கிறேன். ஜீப்பு வரல. அந்தச் சோத்த வீட்டுக்குக் கொண்டாந்து நானே தின்கிறேன். வேல செய்யாமத் தின்கிற சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். திராட்சைத் தோட்டத்தை விற்றவர், மில்லில் ஷிப்டை இழந்தவர், கடையை மூடியவர் என்று அங்கே நின்ற எல்லோரும் அவரவர் வீட்டு அவமானமாக மூடி வைத்திருந்ததை ஒருத்தி மைக்கில் சொல்லிவிட்டாள். பிறகு கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். என் அக்காவை அத்தனை பேர் நிமிர்ந்து பார்த்ததை நான் அதுவரை கண்டதில்லை.

அப்புறம் செயலாளர் மைக்கை வாங்கினான். "அக்கா சோறு ஏன் எறங்கல தெரியுமா? அக்கா எடுக்க வேண்டிய காய இன்னைக்கு மலை மேல எவன் எடுக்கிறான்?" கூட்டம் பதில் சொன்னது. சரியாக அந்த இடத்தில்தான் எல்லாம் திரும்பியது என்று இப்போது தோன்றுகிறது. அக்கா சொன்ன துக்கம் அவளுடையது, உண்மையானது. அதற்கு யார் காரணம் என்ற விடை மட்டும் அவர்களுடையது. கேட்டவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே காதில் விழுந்தது. விலை ஏன் விழுந்தது, எங்கே விழுந்தது, யார் விழ வைத்தார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் விளக்கியதில்லை. விளக்கியிருந்தாலும் விலையைக் கையால் பிடித்து உலுக்க முடியாது. பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு இறங்குகிற ஆளைக் கண்ணால் பார்க்க முடியும்.

அதன்பின் எங்கள் வீடு மாறிப்போனது. காலையில் மோட்டார் சைக்கிள்கள் வரும். "அக்கா கெளம்பிட்டாகளா?" என்று வாசலில் குரல் கேட்கும். அவளை மகளிர் அணிக்குத் தலைவியாக்கினார்கள். ஜீப்புக்கு நின்ற பெண்களில் முக்கால்வாசிப் பேர் அவள் பின்னால் போனார்கள். அவள் நடையே மாறிவிட்டது. சாப்பிட்டாள், தூங்கினாள், கண்ணாடி பார்த்துத் தலை சீவினாள். பேச்சும் மாறியது. ஜீப்பையும் சோற்றையும் பற்றிப் பேசியவள், வடக்கத்தியான் திருடன், பிள்ளை பிடிக்கிறவன், பெண்டு பிள்ளைகள் வெளியே போக முடியவில்லை என்று பேச ஆரம்பித்தாள். அப்படி ஒன்றும் எங்கள் பக்கத்தில் நடக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் சண்டை போட்டேன்.

"மேல ஒரு வடக்கத்திப் பிள்ளைக்கு நீதான காய் எடுக்கப் பழக்கிவிட்ட? பழுத்த காய் எது, பிஞ்சு எதுன்னு கையப் பிடிச்சுச் சொல்லிக்குடுத்தேன்னு சொல்லுவ. ஒனக்குச் சப்பாத்தி குடுப்பான்னு சொல்லுவ. அவளும் பிள்ளை பிடிக்கிறவளா?"

"அவளச் சொல்லலடி. அவ நல்ல பிள்ள. நான் அவனுகளச் சொல்றேன்."

"எவனுகள?"

அவள் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "கூட்டத்துல பேசுறதுன்னா அப்பிடித்தான் பேசணும். இல்லாட்டி யாரும் நின்னு கேக்க மாட்டாக" என்றாள்.

கம்பம் மெட்டு ஏறுகிற சாலையில், மலையடிவாரத்தில், மறியல் என்று அறிவித்தார்கள். வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி ஒன்றுகூட மேலே போகக் கூடாது. அன்று எனக்குப் பள்ளி விடுமுறை. ஆபரேஷன் ஆன உடம்போடு வெயிலில் உட்காரப் போகிறாளே என்ற பயத்தில், மாத்திரையும் மோரும் எடுத்துக்கொண்டு நானும் போனேன். பெண்கள் ரோட்டின் குறுக்கே உட்கார்ந்தார்கள். முன்வரிசை நடுவில் அக்கா. இளைஞர்கள் இரண்டு ஓரமும் நின்றார்கள். காலையில் நாலைந்து வண்டிகள் வந்து, சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் போய்விட்டன.

வெயில் உச்சிக்கு வரும் முன் ஒரு ஜீப் வந்தது. வண்டியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் ஆண்களும் பெண்களும் மூட்டைகளோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் மடியில் குழந்தை. மற்ற டிரைவர்களைப் போல பாய் வண்டியைத் திருப்பவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நடந்து வந்தார். தெரிந்த முகங்கள்தானே என்ற தைரியம் அவருக்கு. அந்த ரோட்டில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் அவர் வண்டியில் போய் வந்தவர்கள்.

அக்காவின் முன்னால் வந்து நின்றார். "ஏத்தா, நம்ம ஜீப்புதான். கைப்பிள்ளக்காரி ஒருத்தி இருக்கா. வழிய விடச் சொல்லு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடு உலர்ந்திருந்தது. "இன்னைக்கு வேணாம்ணே. திருப்பிக்கிட்டுப் போயிருங்க."

"மேல கொண்டுபோய் விட்டாத்தான ஆத்தா எனக்கு வாடகை. எங்க வீட்டுலயும் அடுப்பெரியணும்ல."

"அண்ணே, சொன்னாக் கேளுங்க."

ஓரத்தில் இருந்து ஒருவன், "என்ன அங்கன பேச்சு? நம்ம மண்ணுல இருந்துக்கிட்டு அவனுகளுக்கு வண்டி ஓட்டுற துரோகி!" என்று கத்தினான். இன்னொருவன் அவர் சட்டையைப் பிடித்தான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டு ஜீப்பை நோக்கி ஓடினார். ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பியபோது கல் பறந்தது. முன்கண்ணாடி நொறுங்கி அவர் முகத்தில் கொட்டியது. பின்னால் இருந்தவர்கள் குதித்துப் பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் ஓடினார்கள். பையன்கள் மூட்டைகளை ரோட்டில் போட்டு மிதித்தார்கள். பாயை இழுத்துக் கீழே தள்ளி அடித்தார்கள்.

நான் "அக்கா, எந்திரி! எந்திரி!" என்று கத்தினேன். அவள் எழவில்லை. பின்வரிசைப் பெண்கள் கோஷத்தை நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு அதே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மண்ணின் மக்களுக்கே வேலை. குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நான் குறுக்கே ஓடப் போனேன். யாரோ ஒரு பெண் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் வரும்போது இளைஞர்கள் வண்டிகளில் ஏறிப் போயிருந்தார்கள். பாய் முகத்தைப் பொத்திக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கண் போய்விட்டது.

சில வாரம் கழித்து உத்தமபாளையத்தில் அவர் வீட்டுக்கு நான் போனேன். போகலாமா என்று தெரியாமல் இரண்டு முறை தெருமுனை வரை போய்த் திரும்பியிருந்தேன். அவர் மனைவி கதவைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே வரச் சொன்னார்.

"ஒங்க அக்கா வரலையா?"

"வரல மதினி."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. டீ வைத்துக் கொண்டுவந்தார். பாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்த்த கண் குழிந்திருந்தது. ஜீப்பை விற்றுவிட்டதாகச் சொன்னார். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு மெட்டு வளைவுகளில் ஏற முடியாது. நான் கிளம்பும்போதுதான் சொன்னார்.

"எறிஞ்ச பயலுகள எனக்கு யாருன்னே தெரியாதும்மா. அவனுக மேல என்னத்தக் கோவப்பட? ஒங்க அக்கா கெட்டவ இல்ல, அது எனக்குத் தெரியும். எந்திரிச்சிருக்கலாம். அவ எந்திரிச்சிருந்தா அத்தன பொம்பளைகளும் எந்திரிச்சிருப்பாக."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"எந்திரிச்சிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? மறுநாள் ஒரு பய இந்த வாசலுக்கு வந்திருக்க மாட்டான். நான் திரும்பவும் தெருமுனையில போய் நிக்கணும். வராத ஜீப்புக்கு நிக்கணும். என்னால முடியாதுடி."

"அதுக்காக ஒருத்தர் கண்ணு போகணுமா?"

"நான் எறியலயே" என்றாள். அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தாளு ஏன் திருப்பிக்கிட்டுப் போகல? நான் சொன்னேன்ல?" என்றாள். அப்போது அவள் அழுதாள். அவள் அழுகையும் அந்தக் கேள்வியும் சேர்ந்து வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவருடைய தப்பாக அதை மாற்றிக்கொள்ள அவள் ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்தது.

கல்லெறிந்த பையன்களில் சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். பெண்கள் பேரிலும் வழக்கு இருக்கிறது. அக்கா உத்தமபாளையம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வருவாள். செயலாளருக்கு மாவட்ட அளவில் பதவி கிடைத்தது. இந்தக் காரியத்துக்குப் பின் இயக்கம் கரைந்துபோகும் என்று நான் நினைத்திருந்தேன். நேர்மாறாக ஆனது. பையன்கள் ஜெயிலில் இருக்கிறார்கள், நமக்காகப் போனவர்கள் என்ற பேச்சு பரவியது. அடுத்த கூட்டத்துக்கு முன்பைவிட ஆள் கூடியது. எங்கள் தெருப் பெண்கள் புதிதாகப் பலர் சேர்ந்தார்கள். தோட்டக்காரர்களோ எங்கள் பக்கத்து ஆட்களே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றிரண்டு ஜீப்பும் நின்றது. வடமாநிலத்து ஆட்கள் போடி மெட்டு வழியாக மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக நான் போன கூட்டம் சின்னமனூரில் நடந்தது. அக்கா மேடையில் நாற்காலியில் இருந்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேச்சாளர், மலையடிவாரத்துச் சம்பவத்தில் வழக்குக் கொடுத்தவன் யார், அவன் எந்த ஆள், அந்த ஆட்கள் கையில்தானே இங்கே கடைவீதி இருக்கிறது என்று ஆரம்பித்தார். வடக்கே இருந்து வந்தவர்களைப் பற்றிய பேச்சு, தலைமுறை தலைமுறையாக இதே ஆற்றுத் தண்ணீர் குடித்த, பாயைப் போன்றவர்கள் பக்கம் சுலபமாகத் திரும்பிவிட்டது. கூட்டத்தில் சிலர் விசிலடித்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பேச்சாளர் நிறுத்தியதும் மேடையில் இருந்த எல்லோரும் தட்டினார்கள். ஒரு நொடி தாமதித்து அவளும் தட்டினாள்.

நான் பஸ் ஏறிவிட்டேன். அடுத்த மாதம் பள்ளிக்குப் பக்கத்திலேயே உத்தமபாளையத்தில் ஓர் அறை பார்த்துக் குடி போனேன். தூரம் அதிகம், பஸ் சரியாக வருவதில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். பாத்திரம் சிலதை அவளே கட்டிக் கொடுத்தாள்.

இப்போது ஏலக்காய் விலை மறுபடி ஏறியிருக்கிறது என்கிறார்கள். அக்காவை வார்டு தேர்தலில் நிறுத்தப் போவதாகப் பேச்சு. கூட்டம் இல்லாத நாளில் போன் பண்ணுவாள். சாப்பிட்டியா என்பாள், நானும் சாப்பிட்டியா என்பேன். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. "வந்துட்டாகடி, நான் வைக்கிறேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.